மீதி ஏழு வாரம்

ரூம் ரெண்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கோமதிக்கு அது புதுசில்லை. பதினெட்டு வருஷமாக இங்கே ரெண்டு மணிதான். திருநெல்வேலியில் ஏறினால் ரயில் விடிகாலையில் செங்கல்பட்டில் இறக்கிவிடும், வாடகைக் கார் பிடித்துக் கடற்கரைச் சாலைக்கு வந்து சேர எட்டாகிவிடும், அப்புறம் ரெண்டு மணி வரைக்கும் ஆறு மணி நேரம். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை இந்தக் கூடத்தில் கழித்ததே இல்லை என்பது இப்போது இந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன வருஷம் வரை ஒன்பது மணிக்கெல்லாம் மணிக்கட்டில் நீலப் பட்டையை ஒட்டிவிடுவார்கள். பெட்டிகளை இங்கேயே போட்டுவிட்டு, அதோ அந்தப் பக்கத்துக் கதவு வழியாக நேரே வர்ணபுரி கேளிக்கைப் பூங்காவுக்குள் போய்விடலாம். அலைமுத்து விடுதியின் உறுப்பினர்களுக்கென்றே விட்ட கதவு. வெளியே வெயிலில் வரிசையில் நிற்கிற கூட்டம் பார்க்கப் பார்க்க, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்கலாம். அந்தக் கதவை இப்போது பூட்டி முன்னால் ஒரு பெரிய பூந்தொட்டியை வைத்திருக்கிறார்கள். தொட்டியில் இருப்பது நிஜச் செடியா பிளாஸ்டிக்கா என்று இங்கிருந்து தெரியவில்லை. எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கலாம். எழுந்திருக்கத் தோன்றவில்லை. ராத்திரி சைடு பெர்த்தில் கையைத் தலைக்கு அடியில் கொடுத்துத் தூங்கியதில் இடது கை இன்னும் மரத்தே கிடந்தது, மடிமேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. மார்ச் மாசமே கடிதம் வந்துவிட்டது. பூங்கா வேறு நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டபடியால் உறுப்பினர்களுக்கான இலவச அனுமதி இந்த ஆண்டு முதல் கிடையாது, தங்கள் தகவலுக்காக. அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையில் அவள் மனசு அன்றைக்கு மாட்டிக்கொண்டது. குக்கரை இறக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் தங்கள் தகவலுக்காக, தங்கள் தகவலுக்காக என்று அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ராட்சச ஊஞ்சல் மேலே போயிருக்க வேண்டும், நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் அலறினார்கள். பிறகு அமைதி. நாலைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இப்படி வருகிறது. உள்ளே நின்று கேட்கும்போது அது சந்தோஷச் சத்தமாகத்தான் இருக்கும். இங்கிருந்து கேட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை, அலறல் மாதிரிதான் இருக்கிறது.

எதிர் நாற்காலியில் சங்கரநாராயணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக அதே பக்கம். இவர் படிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கலாம். கல்யாணத்தில் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், சங்கரன்கோவில் சாமியும் அம்மனும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள் என்று. ஜாதகம் பார்த்தவர் கூடப் பேரைப் பார்த்துத்தான் பாதி பொருத்தம் போட்டிருப்பார். இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. நேற்று சாயங்காலம் வீட்டைப் பூட்டியதிலிருந்து இந்த நிமிஷம் வரை அவர் அவளிடம் பேசியது ஏழு வாக்கியம். வேண்டுமென்று எண்ணவில்லை, தானாக எண்ணிக்கை வந்து நின்றது. கேஸை மூடிட்டியா. தண்ணி பாட்டிலை மேல வை. எனக்குத் தூக்கம் வருது. செங்கல்பட்டு வந்துட்டு. பையை நான் எடுக்கேன். காப்பி குடிக்கியா. ரெண்டு மணியாம். சண்டையெல்லாம் இல்லை. சண்டை போட்டே ரொம்ப வருஷம் இருக்கும். நெடுஞ்சாலைத் துறையில் வரைவாளராக இருந்தவர், ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். அதற்குப் பிறகு பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார், அவள் கண் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தால் கதவைத் திறந்துவிடுகிறார், வந்துட்டியா என்கிறார், அவள் வந்துட்டேன் என்கிறாள். இதில் என்ன குறை? ஆனால் அங்கே பால்காரர் வருவார், மாடி வீட்டுக்காரர்கள் மோட்டார் போடச் சொல்வார்கள், டிவி இருக்கிறது, ஒரு நாள் கழிந்துவிடும். இங்கே ஒரு வாரம். ஒரு ரூம், ஒரு பால்கனி, கடலைப் பார்த்துப் போட்ட ரெண்டு நாற்காலி. மத்தியானம் ரெண்டு மணிக்குச் சாவியைக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்ட பிறகு என்ன செய்வது? பெட்டியைத் திறந்து துணியை அடுக்கலாம், அது பத்து நிமிஷம். குளிக்கலாம். அப்புறம்? அதை நினைத்தபோது பயம் எட்டிப் பார்த்தது, உடனே அடங்கிவிட்டது. பயம் கூட அவளுக்கு இப்போதெல்லாம் முழுசாக வருவதில்லை, பாதியிலேயே கால் ஓய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. அவர் காலடியில் இருந்த தோள்பையில் பழைய பச்சை நிறப் பிளாஸ்டிக் கோப்பின் முனை தெரிந்தது. உறுப்பினர் பத்திரம். கிளம்பும்போது அவர் அதை எடுத்து வைத்ததை அவள் பார்த்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. தொடர விருப்பமில்லாதவர்கள் நேரில் வந்து எழுதிக் கொடுக்கலாம் என்று அந்தக் கடிதத்தின் கீழே போட்டிருந்தது. பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு வருஷம் ஒரு வாரம் என்று வாங்கியது. இந்த வாரம் போனால் மீதி ஏழு வாரம்.

இதற்கு முன்னால் ஒரு வருஷம் கூட அவர்கள் ரெண்டு பேராக வந்தது இல்லை. சங்கரனின் தம்பி பிள்ளைகள்தான் முதலில். நிவேதாவுக்கு அப்போது ஐந்து வயசு, கிஷோருக்கு நாலு. பொங்கல் முடிந்ததுமே கோமதி அவர்கள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்துவிடுவாள், மே மாசம் பிள்ளைகளை அனுப்பிரு செண்பகம், நாலு பேருக்கும் பாஸ் இருக்கு என்று. செண்பகம் ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடுவாள். ரயில் நகர்கிற வரைக்கும் ஜன்னலோரமாக நின்று, அக்கா கையை விட்ராதீங்க, அக்கா கையை விட்ராதீங்க என்பாள். முதல் வருஷம் அப்படிச் சொன்னதில்லை. ரெண்டாவது வருஷத்திலிருந்துதான். முதல் வருஷம் நிவேதா தொலைந்துபோனாள். அலைக்குளத்துப் பக்கம், கிஷோருக்குக் காலில் செருப்பு மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் இவளைக் காணோம். சங்கரன் ஒரு பக்கம் ஓடினார், கோமதி கிஷோரை இடுப்பில் தூக்கிக்கொண்டு இன்னொரு பக்கம். ஈரத்தரையில் வழுக்கி முட்டி பெயர்ந்தது கூடத் தெரியவில்லை. இருபது நிமிஷம். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் சொல்லியது, நிவேதாவோட அம்மா எங்கிருந்தாலும் உடனே நுழைவாயில் பக்கம் வரவும், நிவேதாவோட அம்மா. கோமதி ஓடினாள். இத்தனைக்கும் நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போதே, அவள் மனசில் ஒரு ஓரம் மட்டும் நின்று அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பூங்கா முழுக்க, ஆயிரம் இரண்டாயிரம் பேர் காதில் விழும்படி, அவளைத்தான் கூப்பிட்டார்கள். அங்கே போனதும் அந்தப் பிள்ளை ஐஸ்கிரீம் குச்சியைச் சப்பிக்கொண்டு, பெரியம்மா எங்க போயிட்டீங்க என்றது. அறிவிப்புச் சொன்ன பெண் பட்டையைச் சரிபார்த்துவிட்டு, அம்மா இல்லையா நீங்க என்று கேட்டாள். பெரியம்மா என்றாள் கோமதி. அதிலும் அம்மா இருக்கிறது, பெரிசாகவே இருக்கிறது, ஆனால் சொன்னவுடன் அந்தப் பெண்ணின் முகத்தில் ஏதோ ஒன்று ஒரு படி இறங்கியது. அந்த ஒரு படியைக் கோமதி எத்தனை வீட்டில், எத்தனை முகத்தில் பார்த்திருக்கிறாள். வளைகாப்பில் வளையல் போட வரிசையில் நிற்கும்போது. அதெல்லாம் இப்போது வலிப்பதில்லை. மரத்த கையைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, கிள்ளுகிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான்.

நிவேதா இப்போது ஐதராபாத்தில் வேலை பார்க்கிறாள். கிஷோர் மீசை வைத்துவிட்டான், பெரியம்மா அந்த ரைடெல்லாம் சின்னப் பசங்களுக்கு என்று பன்னிரண்டாவது படிக்கும்போதே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு பக்கத்துத் தெரு, உடன் வேலை பார்ப்பவர்கள், தூரத்துச் சொந்தம். யார் வீட்டிலாவது ரெண்டு பிள்ளைகள் எப்படியாவது கிடைத்துவிடும், இலவச பாஸ் என்றால் தாய்மார்களுக்கும் ஒரு வாரம் ஓய்வு. கடைசியாக ரெண்டு வருஷம் மாடி வீட்டு ஜெனிஃபரின் பிள்ளைகள் வந்தார்கள். இந்த ஏப்ரலில் துணி காயப்போடப் போனபோது கோமதி சாதாரணமாகப் பேச்சை எடுத்தாள். ஜெனிஃபர், "பாஸ் இருக்கில்ல ஆன்ட்டி?" என்றாள். "இந்த வருஷத்துலேர்ந்து இல்லையாம். நாங்களே டிக்கெட் எடுத்துருவோம்மா," என்றாள் கோமதி. ஜெனிஃபர் ஒரு கிளிப்பைக் கொடியில் மாட்டி, எடுத்து, திரும்ப மாட்டி, "அதெல்லாம் எதுக்கு ஆன்ட்டி உங்களுக்குச் சிரமம். இவனுக்கு வேற கராத்தே கிளாஸ் போட்டிருக்கு," என்றாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. சும்மா கிடைக்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பலாம், அடுத்தவர் காசு போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறார் என்றால் யோசிக்கத்தான் செய்வார்கள், எதற்கு இவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்று கூடத் தோன்றும். அந்த பாஸ் இருந்தவரை ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை, கோமதிக்குமே தோன்றவில்லை. வீணாகப் போய்விடக்கூடாதே என்றுதான் கூப்பிடுகிறோம் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அது இல்லை. சரி, இல்லாவிட்டால் என்ன, கடல் இருக்கிறது, காற்று இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கிறது. இன்னும் ஏழு வருஷம் சந்தா கட்டி இதை வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா? வைத்துக்கொண்டால் என்ன, விட்டால் என்ன? இருபத்தாறு வருஷமாக அவள் இருட்டறையில் உட்கார்ந்து, ஆட்களின் கண் முன்னால் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, ஒண்ணு தெளிவா இருக்கா ரெண்டு தெளிவா இருக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு மேல் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு என்பார்கள், பாவம், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயத்தோடு. அவள் பரவாயில்ல என்பாள். அவளிடம் இப்போது யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வாள். மதிலுக்கு அந்தப் பக்கம் மறுபடி அலறல். அது முடிந்தபோது சங்கரன் பேப்பரை மடித்தார். "மணியாச்சு. வா," என்றார். எட்டாவது வாக்கியம்.

கூடத்தின் கோடியில் ஒரு கண்ணாடி அறை. முப்பது வயசுப் பெண் ஒருத்தி கணினிக்குப் பின்னால் இருந்தாள், சட்டையில் தேன்மொழி என்று எழுதிய சின்னத் தகடு. எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். "உட்காருங்க சார், உட்காருங்க மேடம். பூங்கா விஷயம்தானே? காலையிலேர்ந்து நீங்க நாலாவது." சங்கரன் பச்சைக் கோப்பை மேஜைமேல் வைத்தார். விட்டுரலாம்னு இருக்கோம் என்றார். இருக்கோம் என்று அவளையும் சேர்த்துச் சொன்னார், கேட்காமலே. கோமதிக்குக் கோபம் வரவில்லை. அறையில் குளிர் அதிகமாக இருந்தது, அதைத்தான் கவனித்தாள். தேன்மொழி வருத்தம் தெரிவித்தாள், வேற ஊர்ல எங்க விடுதிகள்ல மாத்தித் தங்கலாம் சார் என்று சொல்லிப் பார்த்தாள், அப்புறம் கோப்பைத் திறந்து பழைய விண்ணப்பத்தை வெளியே எடுத்தாள். அந்தத் தாளைக் கோமதி பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் பார்க்கிறாள். ஜங்ஷன் பக்கத்து ஓட்டல் ஹால் ஞாபகம் வந்தது. ஜவுளிக்கடையில் கூப்பன் எழுதிப் போட்டதற்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். பரிசு ஒரு ஹாட் பாக்ஸ். ஒவ்வொரு மேஜையிலும் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்து படம் காட்டிக்கொண்டிருந்தார். இவர்கள் மேஜையில் இருந்தவர் வர்ணபுரியின் வண்ணப் படத்தை விரித்துவைத்து, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க சார்?" என்று கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்விக்குச் சங்கரன் தலையைக் குனிந்துகொள்வார், கோமதிதான் இல்லை என்று சொல்வாள். அன்றைக்கு அவர் தலையைக் குனியவில்லை. "ரெண்டு," என்றார். அதற்கு மேல் அந்த ஆள் கேட்டது, இவர் சொன்னது, எழுதியது ஒன்றுமே கோமதியின் காதில் விழவில்லை. ஹாட் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வரும்போதுதான், நாலு பாஸுக்காகச் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கெட்டிக்காரத்தனம்தான், வேறென்ன. அவளும் அதைக் கிளறவில்லை. அந்த ரெண்டு என்ற சொல்லை நடுவில் வைத்து, ரெண்டு பேரும் இத்தனை வருஷம் சுற்றி நடந்துகொண்டார்கள், வழியில் கிடக்கிற கட்டிலைச் சுற்றி நடக்கிற மாதிரி.

"பிள்ளைங்க ரெண்டு பேர். எட்டு வயசு, நாலு வயசு," தேன்மொழி தாளைப் பார்த்துப் படித்தாள். விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "இப்போ இருபத்தாறு, இருபத்திரண்டு ஆயிருக்கும் இல்ல சார்? வேலைக்குப் போயிருப்பாங்க. ஒண்ணு பண்ணலாமே, மீதி வருஷத்தை அவங்க பேருக்கு மாத்தித் தரோம். இங்க வயசு மட்டும்தான் போட்டிருக்கீங்க, பேர் எழுதவே இல்ல." அவள் விரல்கள் விசைப்பலகைமேல் காத்திருந்தன. "பேர் சொல்லுங்க சார்." கோமதி வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்வது அவள் வேலை. அதற்குள் சங்கரன் சொன்னார். "ஆவுடையப்பன். பொண்ணு பேரு பூரணி." தடுமாறவில்லை, யோசிக்கவில்லை, தினமும் கூப்பிடுகிற பேரைச் சொல்கிற மாதிரி சொன்னார். தேன்மொழி தட்டினாள். ஆவுடையப்பன் அவருடைய அப்பா பேர். மூத்த பையனுக்குத் தாத்தா பேர்தானே வைப்பார்கள். இருபத்தாறு. இருபத்தாறு என்றால் கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். பங்குனி வெயில், நாலாம் மாசம், குளியலறைத் தரையில் அவள் உட்கார்ந்துவிட்டது, அப்புறம் ஆஸ்பத்திரி நடையில் இவர் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லவில்லை. இவர் ஆண் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். இருபத்திரண்டு என்றால் ஆறாவது வருஷம். அது ஆறு மாசம் தங்கியது. பெண். நர்ஸ் ஒரு துணியில் சுற்றி எடுத்துவந்து, பாக்குதீங்களாம்மா என்று கேட்டார். கோமதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரில் பச்சைப் பெயின்ட் ஓர் இடத்தில் கொப்புளம் கட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இவர்தான் கையில் வாங்கினார். வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனார், இருட்டுவதற்குள் திரும்பி வந்தார், தலை ஈரமாக இருந்தது. எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்கவில்லை, அடுத்த நாள் கேட்கவில்லை, அப்புறம் கேட்கிற காலம் தாண்டிவிட்டது. எட்டும் நாலும். அந்த ஓட்டல் ஹாலில், டை கட்டிய ஆள் கேட்டபோது, சரியாக எட்டும் நாலும்தான். அவள் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. இவர் வருஷா வருஷம் ஒவ்வொரு வயசாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த மனுஷன் அன்றைக்கு டிக்கெட்டுக்காகப் பொய் சொல்லவில்லை. அவரிடம் கேட்டார்கள், அவர் சொன்னார். கோமதி அவர் பக்கம் திரும்பினாள். அவர் மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் சவரம் சரியாகச் செய்யாமல் நாலு வெள்ளை முடி நின்றது.

"இல்லம்மா, மாத்த வேண்டாம். விட்டுருதோம்," என்றார் சங்கரன். தேன்மொழி ஒப்படைப்புப் படிவத்தை எடுத்து வைத்தாள். "சரி சார். ஆனா பிள்ளைங்க பதினெட்டு தாண்டிட்டாங்க இல்லையா, அவங்க கையெழுத்தும் வேணும். இன்னிக்கே வேண்டாம், ஊருக்குப் போய் வாங்கி அனுப்பினாலும் போதும்." குளிர்சாதனப் பெட்டி நின்று மறுபடி ஓடத் தொடங்கியது. "அவங்க கையெழுத்துப் போட முடியாதும்மா," என்றார் சங்கரன். "வெளிநாட்டுல இருந்தா மெயில்ல கூட..." என்று ஆரம்பித்த தேன்மொழி அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கோமதியின் முகத்தைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள். நல்ல பெண். குரலைத் தாழ்த்தி, "சாரி சார்," என்றாள். "சான்றிதழெல்லாம் நான் கேக்க மாட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லைன்னு ஒரு வரி, நீங்க கைப்பட எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாப் போதும்." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள். சங்கரன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கோமதி பவர் பார்த்துக் கொடுத்த கண்ணாடி. வரைபடத்துக்குக் கீழே எழுதுகிற மாதிரி தனித்தனியாக, ஒரே உயரத்தில் அவர் எழுத்து விழும். எங்களுக்குப் என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. புள்ளி வைத்த இடத்தில் மை பரவிக்கொண்டிருந்தது. கோமதி அந்த மையைப் பார்த்தாள். இல்லை என்று எத்தனை பேரிடம் எத்தனை தரம் சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள், கல்யாண வீட்டில், பஸ்ஸில், வீடு வாடகைக்குக் கேட்டுப் போன இடத்தில், ஒவ்வொரு தரமும் இவர் பக்கத்தில் நின்றுகொண்டு தலையைக் குனிந்திருக்கிறார். அது வெட்கம் என்று அவள் நினைத்திருந்தாள். இந்தக் கோப்பில் மட்டும்தான் ரெண்டு என்று இருக்கிறது. ரேஷன் கார்டில் இல்லை, பென்ஷன் தாளில் இல்லை, செண்பகத்தின் வீட்டு ஆல்பத்தில் இல்லை. உலகத்தில் வேறு எந்தத் தாளிலும் இல்லை. அவள் வலது கையை நீட்டி அவர் கைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை இழுத்தாள். பேனா ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்தது.

"வேண்டாம்ங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்க தொடருதோம்மா," என்று தேன்மொழியிடம் சொன்னாள். தன் குரல் இருட்டறையில் நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலாக இருந்தது அவளுக்கே கேட்டது. தேன்மொழி தயங்கினாள். "மேடம், நான் சொல்லக்கூடாது. பூங்கா இல்லாம இதுல பெருசா ஒண்ணும் இல்ல மேடம். நிறைய பேர் விட்டுட்டாங்க. சந்தா வேற வருஷா வருஷம் ஏறும்." கோமதி, "இருக்கட்டும்," என்றாள். "அப்ப இப்ப போட்ட பேர் ரெண்டையும் எடுத்துடட்டுமா?" கோமதி அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்து முடியவேயில்லை. "இருக்கட்டும்," என்றாள் மறுபடியும். "பூரணிக்கு மூணு சுழி ண. சரியாப் போட்டிருக்கீங்களா?" தேன்மொழி திரையைப் பார்த்து, "போட்டிருக்கேன் மேடம்," என்றாள். அடுத்த வருஷமும் மே மாசம் இதே வாரத்தைக் குறித்துக்கொண்டாள். எத்தனை பேருக்கு ரூம் என்று அவள் கேட்கவில்லை. ரூம் ஒன்று முன்னாலேயே காலியாகிவிட்டது என்று சொல்லி, ரெண்டு மணி வரை காக்க வைக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

ரூம் பின்பக்கத்துக் கட்டடத்தில். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஏற்கனவே கொண்டுபோய்விட்டார்கள். வெயில் தளம்போட்ட பாதையில் வெள்ளையாக அடித்தது. ரெண்டு பக்கமும் அரளிச்செடி. சங்கரன் எப்போதும் நாலு அடி முன்னால் நடப்பவர், இப்போதும் அப்படித்தான் நடந்தார், தோள்பை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கோமதிக்கு அழுகை வருமா என்று அவளே பார்த்துக்கொண்டு நடந்தாள். வரவில்லை. மனசுக்குள் கையை விட்டுத் துழாவினாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. கிணற்றில் விழுந்த குடம் அடியில் கிடக்கிறது என்று தெரிந்தும் எட்டாத மாதிரி. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் ரூமுக்குள் போய்விட்டால், துணியை அடுக்கி, குளித்து, அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இந்த வாரத்தைக் கழித்துவிடுவார்கள், அதற்கப்புறம் ஏழு வருஷத்தையும் கழித்துவிடுவார்கள், அது அவர்களால் முடியும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று கேட்கலாம், வாயில் வரவில்லை. பேர் எப்போது வைத்தீர்கள் என்று கேட்கலாம். மாடிப்படிக்குப் பக்கத்தில் நிழல் வந்தது. அவர் முதல் படியில் கால் வைத்தார்.

"ஏங்க."

நின்றார்.

"பூரணி யார் ஜாடை?"

அவர் திரும்பவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேல்மாடியில் யாரோ கதவைச் சாத்தினார்கள். ரொம்ப நேரமாகிவிட்டது என்று தோன்றியது கோமதிக்கு, பதில் வராது, எதற்குக் கேட்டோம், படியேறிவிடலாம் என்று நினைத்தாள்.

"உன் ஜாடைதான்," என்றார். "காது மட்டும் எங்க வீட்டுக் காது. மடல் கொஞ்சம் வெளிய தள்ளி இருந்துச்சு."

கோமதி அவர் நின்ற படிக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் பக்கத்து இடத்தைத் துடைத்தாள். "உக்காருங்க," என்றாள். "இன்னும் சொல்லுங்க."